நாலு தடவை வாசித்த தப்பு

அக்கா கிளாரினெட்டை விட்டது ஐம்பத்தொரு வயதில். யாரும் விடச் சொல்லவில்லை. இடது கை மோதிர விரல் விறைக்க ஆரம்பித்திருந்தது. கருவியின் துளையை அது முழுதாக மூடாவிட்டால் ஸ்வரம் கிறீச்சிட்டுப் போகும்.

"விரலைக் கெஞ்சிக் கெஞ்சி வாசிக்க நான் ஆளில்லை. ஒரு ரெக்கார்டு போட்டுட்டு பெட்டியை மூடிடறேன்" என்றாள்.

அவளுடைய ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் நான். "அப்ப என் கதி?" என்று கேட்டேன்.

"உனக்கென்னடா, விரல் நல்லாத்தானே இருக்கு. மூளைதான் சரியில்லை."

டயர் கடை ஒன்றின் மாடியில் இருந்தது ஒலிப்பதிவுக் கூடம். கீழே சுத்தியல் சத்தம் ஓயும்வரை காத்திருந்து வாசிப்போம். இரண்டு நாளில் ஐந்து பாட்டு முடிந்தது. மூன்றாம் நாள் ரெக்கார்டு கம்பெனி மேனேஜர் வந்தார். ஆறாவது பாட்டு மெதுவாக, கேட்கிறவர்கள் கண் கலங்கும்படி இருக்க வேண்டும் என்றார். அட்டையில் போடப் பெயர்கூட வைத்திருந்தார்: 'கடைசிக் கண்ணீர்'.

"யாரோட கண்ணீர்?" என்றாள் அக்கா.

"உங்களோடதுதான் மேடம். மெதுவா வாசிச்சா உங்க விரலுக்கும் சௌகரியம்."

"விரலுக்குத்தான் முடியலை. எனக்கு முடியும்."

உள்ளே போனதும் மெல்லச் சொன்னேன்: "அவர் சொல்றதும் சரிதானேக்கா." கடைசி ரெக்கார்டில் அவள் சறுக்கி நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். அவள் காலால் தரையைத் தட்டி எண்ணினாள். அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஓடும் பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி குச்சிகளோடு அவள் பின்னால் ஓடினேன்.

பாதிப் பாட்டில் விரல் காலை வாரியது. கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைபோல ஒரு 'கீச்'. கண்ணாடிக்கு அப்பால் சவுண்ட் இன்ஜினியர் கையைத் தூக்கினார். நான் நிறுத்தப் போனேன். அக்கா நிறுத்தவில்லை. அதே கீச்சை, வேண்டுமென்றே, தாளத்தில் வைத்து வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். நாலாவது கீச்சில் என் சிம்பல் தட்டின் அடியும் சேர்ந்து விழ, பாட்டு அங்கிருந்து வேறு பக்கம் பாய்ந்தது.

"இன்னொரு டேக் போயிடலாம் மேடம்" என்றார் இன்ஜினியர்.

"தப்பை ஒரு தடவை வாசிச்சா தப்பு. நாலு தடவை வாசிச்சா அதுதான் பாட்டு. பெட்டியைக் கட்டுங்க."

ரெக்கார்டு அப்படியே வெளிவந்தது. அட்டையில் அவள் பெயர் மட்டும்தான். சுமாராக விற்றது.

அதன் பிறகு பதினெட்டு வருஷம் ஒரு பூட்டுக் கடையில் சாவி வெட்டினாள். மறுபடி வாசிக்கச் சொல்லி வந்தவர்களிடமும் ஆளுக்கொரு சாவியை விற்று அனுப்பினாள்.

போன மாதம் போய்விட்டாள். நேற்று அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். ரெக்கார்டை மறுபடி வெளியிடுகிறார்களாம். வாரிசு என்று என் கையெழுத்து வேண்டுமாம். காகிதத்தின் தலைப்பில் அதே பழைய 'கடைசிக் கண்ணீர்'.

"அந்தக் கீச் சத்தத்தை இப்ப சுத்தமா எடுத்துடலாம் சார். மேடத்துக்கு மரியாதையா இருக்கும்."

என் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பேனாவைத் திறந்து நீட்டினார். நான் அதை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

"கண்ணீர் என்னோடது தம்பி. பாட்டு அவளோடது. தலைப்பை அடிச்சிட்டு, நாலு கீச்சையும் வெச்சு எடுத்துட்டு வாங்க. மூணா குறைஞ்சாலும் வராதீங்க."