சாரைக்குப் பார்த்த பிரசவம்

பென்னாகரம் சந்தைப்பேட்டைப் பக்கம் முந்நூறு பிள்ளைகளாவது ஹாஜிராவின் கையில்தான் முதல் மூச்சு விட்டிருக்கும். வலி எடுத்த வீட்டில் யார் பதறினாலும் அவள் பதறமாட்டாள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பாம்பு என்று யாராவது பேச்செடுத்தாலே காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்வாள்.

அவள் வீட்டுக்குத்தான் 1968 சித்திரையில் அவள் புருஷன் நூர் பாஷா ஒரு சாரைப்பாம்பைக் கோணிப்பையில் போட்டுத் தூக்கிவந்தார். தகரத்தில் எலிப்பொறி செய்து விற்கிறவர் அவர். ஒகேனக்கல் ரோட்டில் மாட்டுவண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறியிருந்தது. வாலுக்கு மேலே முதுகு முறிந்து, பின்பகுதி உயிரில்லாமல் இழுபட்டது. கல்லடி பட்டு ஒரு கண்ணும் வெளுத்திருந்தது.

"விஷமில்ல ஹாஜிரா. இனிமே இதால எலி புடிக்க முடியாது. பொறியில விழறதப் போட்டா பொழச்சிக்கும்."

"அப்ப நான் எங்காத்தா வூட்டுக்குப் போறேன். நீங்களும் அதுவும் இருங்க."

போகவில்லை. பட்டறைச் சார்ப்பில் ஓட்டை போட்ட பெரிய தகரப்பெட்டியில் அது கிடந்தது. மூன்று வாரம் எதையும் தொடவில்லை. பிறகு ஒருநாள், செத்த எலியை வெந்நீரில் நனைத்து நூர் பாஷா குறடால் நீட்டியபோது, நாக்கால் தடவிப் பார்த்து மெல்ல வாங்கிக்கொண்டது. வாசற்படியில் நின்றபடியே ஹாஜிரா பார்த்தாள்.

வைகாசிக் கடைசியில் நூர் பாஷா தகடு வாங்கத் தர்மபுரிக்குப் போயிருந்தார். பெட்டிக்குள் ஏதோ புரளும் சத்தம். ஹாஜிரா தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். இரண்டு வெள்ளை முட்டைகள் கிடந்தன. மூன்றாவது, முறிந்த இடத்தில் புடைத்துக்கொண்டு நின்றது. முன்னுடம்பிலிருந்து ஒரு அலை எழுந்து வந்தது. முறிவு வரைக்கும் வந்து அங்கேயே அடங்கிப்போனது. மறுபடி எழுந்தது, மறுபடி அடங்கியது.

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "யா அல்லாஹ், வலி!" என்றாள்.

வெகுநேரம் நின்றாள். பிறகு விளக்கெண்ணெயைச் சூடு காட்டி எடுத்து வந்து, எல்லாப் பிரசவத்திலும் சொல்கிற 'பிஸ்மில்லாஹ்'வைச் சொல்லி, கையை வைத்தாள். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை, பட்டுத்துணி போல உலர்ந்திருந்தது. உள்ளே அத்தனை பலம். அலை வருகிற நேரம் பார்த்து முட்டைக்குப் பின்னால் கட்டைவிரலால் மெல்லத் தள்ளிக்கொடுத்தாள். பாம்பு தலையைத் திருப்பியது. கடிக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். அது அவள் மணிக்கட்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஒன்பது முட்டைகள். திரும்பி வந்த நூர் பாஷா தோளில் சுமந்த தகட்டை இறக்கவும் மறந்து நின்றார். பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டது. தன்னால் வராத வாலைக் கழுத்தால் வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டது.

பக்கத்துச் சோளக்காட்டுக்காரன் மாதுவுக்குச் சேதி எட்டியது. "ஹாஜிராம்மா, சாரைக்கும் நாகத்துக்கும் ஜோடின்னு சொல்றாங்க. பொரிச்சா நாகந்தான் வரும். கொளுத்திடுங்க."

"உன் மூணு புள்ளைங்களையும் நாந்தானே எடுத்தேன், மாது? வயித்துல இருக்கறப்பவே எது எப்படி வரும்னு யாருக்குத் தெரிஞ்சது?"



ஆடிக் கடைசியில், மழை விட்ட ஒரு காலையில், ஒரு முட்டையின் ஓடு தோல் போலக் கிழிந்தது. முதலில் வந்தது தலையல்ல, நூலத்தனை நாக்கு. வெளியே வருவதற்கு முன்னாலேயே உலகத்தைத் தடவிப் பார்த்தது. ஹாஜிராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை புள்ளைங்களை எடுத்தேன், இப்படி ஒண்ணைப் பார்க்கலியே" என்று முணுமுணுத்தாள். ஏழு பொரிந்தன. ஒன்றுக்கும் படமில்லை. மாது வந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஏரிக்கரைப் புதரில் விடுவதற்குக் குட்டிகள் இருந்த சட்டியை அவனே தூக்கிக்கொண்டு நடந்தான்.

தாய்ப்பாம்பு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. எலி கொடுப்பது ஹாஜிராவின் வேலையாகிவிட்டது. பாம்பு சட்டை உரிக்கும்போது முறிவில் பழைய தோல் சிக்கிக்கொள்ளும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அவள்தான் கழற்றிவிடுவாள். அடியிலிருந்து புதுச்செதில் மினுங்கிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள்: "ஏங்க, வந்து பாருங்களேன்!"

எழுபத்துநாலு மார்கழிக் குளிரில் அது தின்பதை நிறுத்தியது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அசையவில்லை. சார்ப்புக்குப் பின்னால் ஹாஜிராவே குழி வெட்டினாள். மண்ணைத் தள்ளி முடிக்கிறதற்குள் கூத்தப்பாடியிலிருந்து வண்டி வந்துவிட்டது, தலைப்பிரசவம் என்று. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.