குனியவச்சான் முனியும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்

வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகளை எல்லாம் அமெரிக்காக்காரன் ஏவி விட்டது, லிந்துலைப் பக்கத்தில் ஷெரோமி அக்கா பெட்டி தேடுவதற்காகத்தான். இதை அவன் வெளியே சொல்வதில்லை. சொன்னால் மற்ற நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு முன் இந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேரே இந்தியாவில் போய் இறங்கியிருப்பான். கண்டுபிடிக்காத கண்டம் இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளிடம் சொல்லிப் பாருங்கள். மத்தியானச் சோற்றுக்குள் கொண்டுவந்து காட்டிவிடுவாள்.

ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மெலிந்த உடம்பு, பெரிய கண், ஒரு பக்கம் தேய்ந்த சப்பாத்து. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பராதான் அவள் வீடு. லிந்துலை டவுனில் ஒரு போன் கடையில் வேலை. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். ஜெபமாலை சொல்லும்போது கால் கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டிருக்கும். புள்ளைக்குக் காலுக்குள் எறும்பு புகுந்திருக்கிறது என்று அவள் அம்மா மாதாவிடம் முறையிட்டுக்கொண்டே இருப்பார். மாதா இன்னும் எறும்பை எடுக்கவில்லை.

நாலைந்து வருசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி, மழையில் நனைந்த போனோடு அந்தக் கடைக்கு வந்தது. போன் காய்கிற வரைக்கும் இன்னொரு போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். உலகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறாராம். போன் காட்டுகிற வழியில் போய், கல்லிடுக்கு, மரப்பொந்து என்று துழாவி எடுத்து, உள்ளே இருக்கிற கடதாசியில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது. பரிசு கிடையாது. இந்த விளையாட்டுக்குப் பேர் ஜியோகேச்சிங். திரும்ப வைக்கிறதை எதுக்குத் தேடணும் என்று நான் கேட்டேன். பூசையில் கொட்டாவி விட்டவனைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள்.

நுவரெலியாவில் ஒன்று, ஒரு நீர்வீழ்ச்சிக்கு எதிரே ஒன்று, கந்தப்பளைப் பாதையில் ஒன்று என்று அவள் கண்டுபிடித்துக்கொண்டே போனாள். லீவு நாளில் வீட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்காது. ஆனால் போனைத் திறந்து எங்கள் தோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கும். அங்கே வெறும் பச்சை. பாதை கூட இல்லை. எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்ட ஒபீஸ் மேசையில் கிடந்து, கலியாணம் முடிந்த பிறகு பத்திரிகை வந்து சேரும். அந்தப் பச்சைக்குள் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும் என்று அக்காவுக்குப் பிடித்துக்கொண்டது. இங்கேயும் ஆள் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய ஒரே ஒரு புள்ளி. தூக்கத்தில் கூட அதைத்தான் புலம்பினாள் என்று அவள் அம்மா சொன்னார்.

புள்ளி வைப்பது லேசான வேலை இல்லை. முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதி. அக்கா தோட்டத்தை நடத்துகிற துரை முன்னால் போய் நின்றாள். துரை சிங்களத்தில் மூன்று தரம் எதற்கு, எதற்கு, எதற்கு என்று கேட்டார். மண்ணைத் தோண்டக் கூடாது, லயத்துக்குள் போய்ப் படம் பிடிக்கக் கூடாது, கொழுந்து எடுக்கிற நேரத்தில் மலைக்குள் வெளியாட்கள் திரியக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்தார். தோண்டக் கூடாது என்பது விளையாட்டின் சட்டத்திலும் இருந்தது. அன்றைக்குத்தான் அக்காவுக்குத் துரை மேல் மரியாதை வந்தது.

பிறகு பெட்டி. இந்த நாட்டில் கேட்பாரற்றுக் கிடக்கிற பெட்டி என்றால் முதலில் பொலிஸ் வரும், பின்னால் ஆமி வரும். அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சாப்பாட்டுப் பெட்டியாகப் பார்த்து வாங்கினாள். மூடியில், இது விளையாட்டுப் பெட்டி, பயப்பட வேண்டாம் என்று மூன்று பாஷையிலும் எழுதினாள். உள்ளே சாப்பாட்டுச் சாமான் கூடாது, கத்தி கூடாது, நெருப்புப்பெட்டி கூடாது. தேடப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது, பனி இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். தனியாகப் போகக் கூடாது என்ற சட்டத்தால்தான் நான் உள்ளே வந்தேன். ஓ.எல். பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு லயத்தில் பகலில் கையும் காலும் சும்மா இருந்தது எனக்கு மட்டும்தான். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு அவள் பின்னால் போவேன். அவள் நடக்கமாட்டாள், ஓடுவாள்.

ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில் ஒரு கருப்பந்தைல மரம். அதன் அடியில் இடுப்பளவு கல். கல்லின் கீழே ஒரு வெடிப்பு. பெட்டியை அதற்குள் தள்ளி, சின்னக் கல் ஒன்றால் மூடினாள். உலகப் படத்தில் புள்ளி வந்தது. அன்றைக்கு அக்கா முழு லயத்துக்கும் தேத்தண்ணி ஊற்றினாள், எதற்கென்று யாருக்கும் சொல்லாமல்.

இரண்டாம் வாரம் பெட்டி இல்லை. உள்ளே போட்டிருந்த பொம்மைக் கார் எங்கள் லயத்து வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிய பயலுக்கு மூன்று வயது. அவனிடம் என்ன கேட்பது. இரண்டாவது பெட்டி தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவரின் பையில் இருந்தது. உள்ளே ரொட்டியும் சம்பலும். நல்ல பெட்டி, வழியில் கிடந்தது என்று சொல்லி, அதைத் திறந்து அக்காவுக்கே ஒரு துண்டு ரொட்டி நீட்டினார். அவளும் வாங்கித் தின்றாள்.

விளையாட்டைச் சரிபார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அவர் மிக மரியாதையாக எழுதியிருந்தார்: இன்னொரு தடவை தொலைந்தால் அந்தப் புள்ளியை எடுத்துவிட வேண்டிவரும். அக்கா அதை வாசித்துவிட்டு லயத்து வாசலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். நாய் கொஞ்ச நேரம் கூட நடந்து பார்த்துவிட்டுக் களைத்துப் படுத்துக்கொண்டது.

மூன்றாவது பெட்டியை வைத்ததும் அவளுக்கு இன்னும் மோசமாகிவிட்டது. தினமும் விடியக்காலை, பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஏழாம் நம்பருக்கு ஏறுவாள். கல்லுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, குனிந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பாள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு வருகிற பெண்கள் தூரத்தில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். இப்படிப் பார்த்தால் இடம் வெளியே தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். தெரியும்டா, ஆனா பாக்காம பஸ் ஏற முடியல என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்குப் போயிருந்தபோது, அந்தக் கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி, மூன்று பட்டை விபூதி போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சிவப்புத் துணியும் கட்டிவிட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள். எங்கள் அம்மாவின் குங்குமச் சிமிழ் பாதியாகிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். சும்மா ஒரு சேட்டை. ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

எங்கள் பக்கத்தில், மலைக்குள் இறங்குகிறவர்கள் முதல் பிடிக் கொழுந்தைக் காவல் சாமிக்கு வைத்து, பொலி பொலி என்று சொல்லிவிட்டுத்தான் கூடையில் கை வைப்பார்கள். திங்கட்கிழமை வேலாயிப் பெரியம்மாவோடு கொழுந்து பறிக்கிற செட்டு ஏழாம் நம்பருக்கு வந்தது. கல்லைப் பார்த்தார்கள். யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமிக்குப் பேர் என்ன என்றுதான் கேட்டார்கள். வேதக்காரப் பிள்ளையே தினமும் முழங்கால் போட்டுக் குனிகிறாள், அப்படியானால் இது சும்மா சாமி இல்லை என்று வேலாயிப் பெரியம்மா சொன்னார். மத்தியானம் கொழுந்து நிறுப்பதற்குள் பேர் கிடைத்துவிட்டது: குனியவச்சான் முனி.

முனி வந்த பிறகு பெட்டியை எவனும் தொடவில்லை. பயல்கள் தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நாளைக்கு நான் என்னைப் பெரிய மந்திரி போல நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு மட்டும் தலை சுற்றியது. விளையாட்டில் சாப்பாடு கூடாது. முனிக்கோ வாழைப்பழமும் பொங்கலும் வந்தன. வாழைப்பழத்துக்குக் குரங்கு வந்தது, பொங்கலுக்குப் பன்றி வந்தது. பங்குச் சாமியார் அவள் அம்மாவிடம், பிள்ளை ஏதோ கல்லுக்கு முழங்கால் போடுகிறதாமே என்று விசாரித்தார். அதன் பிறகு அக்கா பாதையில் நின்றபடியே கல்லை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அக்கா மேலே பார்த்தாள். கருப்பந்தைல மரத்துக் கிளையில், கல்லுக்கு நேர் மேலே, குளவிக்கூடு பானையளவு தொங்கியது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வேலாயிப் பெரியம்மாவின் செட்டு முனிக்குப் படையல் போடுவதாக இருந்தது. கற்பூரம், சாம்பிராணி, எல்லாம். அந்தப் புகை மேலே போனால் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன வருசம் குளவி கொட்டி ஒரு லொறி நிறைய ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதே வெள்ளிக்கிழமைதான் கொழும்பில் இருந்து ஒரு சோடி பெட்டியைத் தேடி வருவதாகவும் எழுதியிருந்தது. எங்கள் புள்ளிக்கு வருகிற முதல் ஆட்கள்.

அக்கா அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தாள். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். படையலுக்கு முன்னால் எனக்குச் சாமி வந்தது மாதிரி ஆடுகிறேன், முனிக்குப் புகை ஆகாது என்று சொல்லிவிடுகிறேன், எல்லாரும் நம்புவார்கள் என்றேன்.

"அவங்க நம்புவாங்க. அதான் செய்யக் கூடாது," என்றாள் அக்கா.

ஆபத்து என்று தெரிந்தால் பெட்டிக்காரரே புள்ளியை மூடவேண்டும் என்பது சட்டம். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடி, போனைத் திறந்தாள். விரலை எங்கள் புள்ளிக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அமுக்கினாள். புள்ளி சாம்பல் நிறமானது. கொழும்புக்காரர்களுக்கு வரவேண்டாம் என்று எழுதினாள். அந்தச் சரிபார்க்கிற ஆளுக்கும் எழுதினாள். அழுவாள் என்று பார்த்தேன். அதற்குள் அவள் பாதி மலை இறங்கியிருந்தாள்.

வேலாயிப் பெரியம்மா வாசலில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை உதறிக்கொண்டிருந்தார். கங்காணி வீரய்யாவும் அங்கேதான் நின்றார். அக்கா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கூடு, புகை, பெட்டி, தான் முழங்கால் போட்டது எதற்கு என்பது, எல்லாம். நான் பின்னால் தண்ணிப் பீப்பாயோடு பீப்பாயாக நின்றேன். முனியைக் கேலி பண்ணினாள் என்று லயமே திரண்டு வரும், நாளைக்கு ஷெரோமி அக்கா தலைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலாயிப் பெரியம்மா படங்கை மடித்துத் தோளில் போட்டார்.

"அப்ப நீ பெட்டியப் பாத்துத்தான் குனிஞ்சியாக்கும்."

"ஆமா பெரியம்மா."

"நாங்க மட்டும் என்னத்தப் பாத்துக் குனியிறோம்? கூடையப் பாத்துத்தான். பெட்டி ஒன்னோடது புள்ள. கல்லு எங்களோடது. பெட்டிய எடுத்துட்டா முனி கூடவே எந்திரிச்சுப் போயிருமா?"

வீரய்யா உடனே ஒபீசுக்குப் போய்ச் சொன்னார். கூட்டை எடுக்க ஆள் வருகிற வரைக்கும் ஏழாம் நம்பரில் வேலை இல்லை, செட்டு ஒன்பதாம் நம்பருக்கு என்று ஆனது. படையல் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. திரும்பி வந்தவர், கூட்டுக்கு நெருப்பு வைப்பார்கள், அதற்கு முன்னால் பெட்டியை எடுத்துவிடு என்று அக்காவிடம் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்து, "திலக்ஷா, நீ எதுக்குப் பீப்பாய்க்குப் பின்னால நிக்கிற?" என்றும் கேட்டார். வெயில் என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் பனி கனமாக இருந்தது. குளிரில் குளவி மந்தமாக இருக்கும். வீரய்யா பாதையில் நின்றார், வாயில் விரலை வைத்து. அக்கா தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு தவழ்ந்தாள். என்னை வரவேண்டாம் என்று கை காட்டினாள். நான் அவள் சப்பாத்துக்குப் பின்னாலேயே தவழ்ந்தேன். கூடு தலைக்கு மேலே மெல்ல இரைந்தது, பக்கத்துக் காம்பராவில் யாரோ குறட்டை விடுவது போல. ஒரே ஒரு குளவி கல் மேல் நடந்து, குங்குமப் பொட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அக்கா சின்னக் கல்லை நகர்த்தினாள். கை உள்ளே போனது. பெட்டி வந்தது. நாங்கள் திரும்பியது தவழ்ந்தா பறந்தா என்று ஞாபகம் இல்லை.

வீரய்யா பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார். இடிந்த பழைய ஸ்டோர்ச் சுவர் பக்கத்தில் அக்கா நின்றாள். அதற்குள் அவள் கண் சுவரில் ஓட்டை தேடத் தொடங்கிவிட்டது. துரையிடம் மறுபடி கேட்க வேண்டும், சரிபார்க்கிற ஆள் சம்மதிக்க வேண்டும், கொழும்புச் சோடியை மறுபடி அழைக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனவள் பேச்சை நிறுத்தினாள். கையில் இருந்ததைப் பார்த்தாள்.

பெட்டியைச் சுற்றி ஒரு ஷொப்பிங் பேக், நாலு முடிச்சுப் போட்டு இறுகக் கட்டியிருந்தது. அவள் வைத்தபோது அது இல்லை. அவிழ்த்தாள். மூடியின் ஓரம் வெடித்திருந்தது. வெடித்தது அவளுக்கே தெரியாது. ஆனாலும் இவ்வளவு மழைக்கும் உள்ளே கடதாசி காய்ந்து கிடந்தது.

"கல்லுக்குப் பொட்டு வச்சவன்தான் இதையும் கட்டியிருக்கான்," என்றாள்.

குரங்காக இருக்கும் என்றேன்.

"கொரங்கு முடிச்சுப் போடுமா?"

"நம்ம தோட்டத்துக் கொரங்கு போடும்க்கா."

அவள் பேக்கைத் திருப்பினாள். அது அவளுடைய கடைப் பேக். திருத்திய போன்களை அதற்குள் போட்டு, ஆளின் பேரையும் கோளாறையும் மேலே மார்க்கரால் எழுதி வைப்பது அங்கே அவள் வேலை. எழுத்து மழையில் கொஞ்சமும் கரையவில்லை. ஷெரோமி அக்கா தன் கையெழுத்தைத் தானே சத்தமாக வாசித்தாள்:

"திலக்ஷன். சார்ஜ் ஏறாது. சத்தம் மட்டும் வரும்."