முப்பத்தெட்டு வால்கள்

“கார்த்திகை 3. காலை 6.40. தையல் மெஷின் மேல் வைத்திருந்த இறகு டப்பாவைக் காணவில்லை. கேட்டதற்கு, குப்பை வண்டியில் போட்டுவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார்.”

என் நோட்டில் உள்ள குறிப்பு இது. கோபத்தில் எழுதியது. ‘வண்டி’யின் சுழி கோணிக்கொண்டு நிற்கிறது. ஓர் அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் கையெழுத்து அப்படிக் கோணுவதில்லை.

அந்த டப்பாவில் இருந்தவை நாட்டுச் சேவலின் கழுத்து இறகுகள். வேங்கிக்கால் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கி, ஷாம்பூ போட்டு அலசி, நிழலில் காயவைத்து, நிறவாரியாகக் காகித உறைகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதியிருந்தேன். அவற்றை வைத்துத் தூண்டில் முள்ளில் பொய் இரை கட்டுவது என் பழக்கம். முள்ளைச் சிறிய இடுக்கியில் பிடித்துக்கொண்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு நீள இறகுகளை வால் போலத் தொங்கவிட்டு, மெஷின் நூலால் சுற்றி, முடிச்சின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் முடிந்தது. வால், முள்ளைப் போல இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீரில் அசையாது. கூடினால் முள்ளையே சுற்றிக்கொள்ளும். சரியாக அமைந்தால், இழுக்கும்போது குட்டி மீன் ஓடுவது போல இருக்கும். விரால் அதைத் துரத்தும் என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ‘வாலு’ என்று பெயர்.

கட்டுவது நான். கொண்டுபோய் ஏரியில் போடுவது என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மீனோடு திரும்பி வந்து, “உன் வாலுலதான் மாட்டுச்சு” என்பார். நான் நோட்டில் வாலின் எண்ணுக்கு நேரே, ‘மாட்டியது’ என்ற பத்தியில் மீனின் பெயரை எழுதிக்கொள்வேன்.

அவர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டிருந்தார். சபரிமலைக்குப் போய் வரும்வரை கறி, மீன் கிடையாது. மாலை போட்டவரை ‘என்னங்க’ என்று கூப்பிடக் கூடாது. ‘சாமி’ என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கோபம் முழுவதும் அந்த மரியாதையோடுதான் வெளியே வர வேண்டியிருந்தது.

“சாமி, அது என் டப்பா.”

“கோழி சமாச்சாரம் வீட்ல இருக்கக் கூடாதும்மா. நாளைக்குக் குருசாமி வர்றாரு.”

“பூஜை ரூம்ல மயில் இறகு ஒரு கட்டு இருக்கே சாமி?”

“மயில் வேற. அது முருகனோடது.”

“சேவல் யாரோடது சாமி? அவர் கொடியில நிக்கிறது காக்காவா?”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்று அது இரண்டாவது குளியல்.

தெருமுனைக்கு ஓடினேன். துப்புரவுப் பணிப்பெண் அங்கே கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“மக்குறதாமா, மக்காததாமா?” என்றார்.

“இறகு.”

“அப்ப மக்குறது. அந்த வண்டி போயி அர மணி நேரம் ஆச்சு.”

வீட்டுக்குத் திரும்பினேன். இறகுகள்தான் போய்விட்டன, கட்டி முடித்த வாலுகளில் எத்தனை மிச்சம் என்றாவது பார்க்கலாம் என்று பரணில் ஏறி அவருடைய மீன்பிடிப் பையை இறக்கினேன். முதலில் ஈரமண் காய்ந்து ஒட்டிய பழைய டப்பா ஒன்று வந்தது, மண்புழு டப்பா. அதன் அடியில் ஒரு ஸ்வீட் டப்பா. திறந்தேன். என் வாலுகள். ஒவ்வொன்றிலும் நான் கட்டிய எண் சீட்டு அப்படியே இருந்தது. நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை, ஒன்றும் குறையவில்லை. முதல் எண்ணில் மட்டும் இறகு நனைந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற முப்பத்தேழும் தண்ணீரையே பார்க்காதவை. முள்ளில் ஒரு கீறல் இல்லை. நகப்பூச்சு வைத்த அன்றைக்கு இருந்தது போலவே பளபளத்தது.

நோட்டில் ‘மாட்டியது’ பத்தியில் பதினொரு மீன்கள் இருந்தன.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரின் முன்னால் ஸ்வீட் டப்பாவை வைத்தேன்.

“சாமி, மாலை போட்டுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. இதுல ஒரு மீனாவது மாட்டுச்சா?”

அவர் மாலையின் மணியை உருட்டினார். “இல்லம்மா.”

“போட்டாவது பாத்தீங்களா?”

“ஒரு தடவ போட்டேன். கூட வந்தவனுங்க சிரிச்சானுங்க. ‘இன்னாபா, மீனுக்குச் சாமரம் வீசுறியா’ன்னானுங்க. அப்புறம் புழுவுக்கே போயிட்டேன்.”

“அப்ப வாலுல மாட்டுச்சுனு ஏன் சொன்னீங்க சாமி?”

“நீ ஆசையா நோட்ட தெறந்து வச்சிக்கினு உக்காந்திருந்த. மனசு கஷ்டப்படுமேனுதான்.”

டப்பாவைத் தூக்கி எறிந்ததைக்கூட நான் ஒருநாள் மறந்திருக்கலாம். இதை மறக்க முடியாது. தேதி தவறக் கூடாது, கேள்விப்பட்டதை நடந்ததாக எழுதக் கூடாது என்று மற்றவர்களின் கோப்புகளில் அத்தனை வருடம் சிவப்பு மை போட்டவள் நான். என் சொந்த நோட்டில் பதினொரு பொய்களை அழகான கையெழுத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். கட்டியவளுக்குத் தன் வாலு மீன் பிடிக்குமா, பிடிக்காதா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள விடாமல் செய்தது அவருடைய கருணை. அன்று மாலை அந்தப் பதினொன்றையும் கோடிட்டு அடித்தேன். ஓரத்தில் “வாய்மொழி. நேரில் கண்டதல்ல” என்று எழுதினேன்.

எங்கள் ஊர் மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ்ஸையெல்லாம் மாற்றி விட்டுவிடுவார்கள். அதற்கு முன்பே போய்விட வேண்டும் என்று கார்த்திகை 6 காலை அவருடைய மூங்கில் தூண்டில் கழியை எடுத்தேன். “எங்கம்மா?” என்றார். “ஏரிக்கு, சாமி” என்றேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி, ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கினேன். மீன் கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பார்த்துவிட்டு விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முப்பத்தொன்றாம் எண் வாலைத் தூண்டில் நூலில் முடிந்தேன். சிவப்பும் கறுப்புமான வால்.

முதல் பத்துத் தடவை வால் என் புடவையிலேயே மாட்டியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அருகில் வந்தாள்.

“இன்னாமா, துணி ஒலத்துறியா?”

“மீன் புடிக்கிறேன்.”

“புழு எங்க?”

“புழு இல்ல. சேவல் இறகு.”

“இறகத் துன்ற மீனு எங்க ஏரில இல்லமா. டவுனு மீனா இருக்கும்.”

வெயில் ஏறியது. தண்ணீருக்குள் மூழ்கி நின்ற வேலிகாத்தான் முட்புதருக்கு ஓரமாக வாலைப் போட்டு, படித்த முறைப்படி இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்திக் கொண்டுவந்தேன். நான்காவது இழுப்பில் நீர் ஒருமுறை புடைத்தது. கழி வளைந்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். உடனே நூல் தளர்ந்தது.

“மீனு இல்ல, செடி முள்ளுல மாட்டிகிச்சு” என்றாள்.

“நீங்க பாத்தீங்களா?”

“நானு ஆட்டப் பாத்துகினு இருந்தேன்.”

நானும் நீர் புடைத்ததைப் பார்த்தேனே தவிர, எதனால் புடைத்தது என்று பார்க்கவில்லை. வாலைக் கரைக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். விரால் என்று எழுத ஒரு நொடி கை போனது. யாருடைய மனது கஷ்டப்பட்டாலும் படட்டும் என்று இப்படி எழுதினேன்:

“கார்த்திகை 6. பகல் 11.20. எண் 31. வாலின் இடப்பக்க இறகு இரண்டும் பாதியில் அறுந்துள்ளன. அறுத்தது மீனா, வேலிகாத்தான் முள்ளா என்பது சரிபார்க்கப்படவில்லை.”