ஸ்வீட் ஆன்ட்டியும் ஒரு தட்டு கேசரியும்

இன்று விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோவில், கைக்குழந்தையோடு ஏறிய பெண்ணுக்கு என் ஓர இடத்தை விட்டுக்கொடுத்தேன். எதிரில் இருந்த கல்லூரிப் பெண், “ஆன்ட்டி, நீங்க ஸோ ஸ்வீட்!” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எண்பதுகளில் எங்கள் திண்டிவனம் வீட்டில் ஸ்வீட் என்றால், என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கும் கேசரி. வந்தவர்கள் எல்லாம் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “போய் சொல்லி அனுப்பறோம்” என்று கிளம்புவார்கள். எனக்கு ஒரு வாய் மிஞ்சாது.

ஒருநாள் மயிலம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, பசியோடு வீட்டுக்குள் நுழைகிறேன். கிளியனூர் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா கேசரித் தட்டுகளை என்னிடம் கொடுத்தனுப்பினார். எல்லோருக்கும் கொடுத்தேன். அப்பாவுக்கு வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு, நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

“இன்னாங்க இது, பொண்ணு நம்ம எதிர்லயே சாப்புட்டுக்கினு கீது!” என்று அப்பாவிடம் கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஸ்கூல்லேர்ந்து இப்பத்தாங்க வர்றேன். பசிக்குது,” என்றேன் நான்.

என் அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் தன் தட்டை என் பக்கம் தள்ளினார். “இதையும் சாப்புடுங்க.”

தலை குனியாமல் அதையும் சாப்பிட்டேன். இன்றுவரை அதில் எனக்குப் பெருமைதான்.

அவருக்கு இப்போது சுகர். கல்யாண வீடுகளில் அவர் இலை ஸ்வீட் இன்னும் என் பக்கம்தான் வருகிறது.

இந்தப் பதிவுக்கு ‘ஸோ ஸ்வீட்’ என்று கமெண்ட் போடுகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். கேசரி உண்டு. முதல் தட்டு எனக்கு.