ஹார்லனின் வலது கணுக்கால்

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அன்று காய்ச்சலும் இல்லை. பட்டப்பகல். மேலே அரங்கில் இரண்டாயிரம் பேர் ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். அதனால் கனவு கண்டிருப்பாய் என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1949, மார்ச் 13, ஞாயிறு. விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட் வில்லிஸ் என்ற ஊர். எங்கள் ஊர் மர ஆலை ஒரு கூடைப்பந்து அணியை நடத்தியது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். அந்த அணியும் இன்று இல்லை, அது ஆடிய லீக்கும் இல்லை. ஆட்டத்துக்கு முன், கால் பிசகாமல் இருக்க, வீரர்களின் கணுக்காலில் ஒட்டும் துணி டேப் சுற்றுவது என் வேலை. நான் டாக்டருக்குப் படித்தவன் அல்ல. பையன்கள் கிண்டலாக ஆரம்பித்து, கடைசியில் 'டாக்டர்' என்பதே என் பெயராகிவிட்டது.

சுற்றி முடித்ததும் டேப்பின் நுனியை முக்கோணமாக மடித்து விடுவேன். ஆட்டம் முடிந்தபின் பிய்க்கச் சுலபம். அந்த லீக்கில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. டாக்டர் நம்ம காலைக் கிறிஸ்துமஸ் பரிசு மாதிரி கட்டுகிறார் என்று ஸ்டான் ஜுரெக் ஓட்டிக்கொண்டே இருப்பான்.

அந்த ஜனவரியில் ஹார்லன் ப்ரூகர் கால் பிசகி விழுந்தான். எங்கள் அணியிலேயே வேகமான ஆள் அவன்தான். வலது கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் எலும்பு நறநறவென்று நகர்ந்தது. கோச் ஷ்மெல்சர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஹார்லன் இல்லாமல் எங்களால் ஜெயிக்க முடியாது. அதற்கு முந்தைய வாரம்தான் அவர் பேச்சைக் கேட்காத ஒருவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

"உடைஞ்சிருக்கா டாக்டரே?" என்று கேட்டான் ஹார்லன்.

"சுளுக்குதான்," என்றேன்.

நம்பினான். அந்தக் காலோடு ஐந்து வாரம் ஆடினான். பிப்ரவரி முடிவில் ஓடவே முடியாமல் போனதும் கோச் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார். நொண்டிக்கொண்டே பஸ் ஏறினான். ஏறும் முன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அந்த நன்றியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம், மதியம் 2:30க்கு. கீழ்த்தளத்து அறையில் ஒரே ஒரு பல்பு. நான் குட்டை ஸ்டூலில் குனிந்தே இருப்பேன், யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பத்து பேர், சட்டை எண் வரிசையில் வந்தார்கள். 1:45க்குப் பத்தாவது ஆளும் மேலே போய்விட்டான்.

கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

1:52. என் முழங்கால்மேல் ஒரு கால் வந்து அமர்ந்தது. வெறுங்கால்.

யாரோ திரும்பக் கட்டிக்கொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நிமிரவில்லை. கை பழக்கத்தில் டேப்பை எடுத்தது.

கால் ஈரமாக இருந்தது. விரல் இடுக்கில் பனிக்கட்டித் துகள்கள்... உருகவே இல்லை.

சொட்... சொட்... தரையில் தண்ணீர்.

கணுக்காலைப் பிடித்தேன். அவ்வளவு குளிர். கட்டைவிரலுக்கு அடியில்...

நறநற.

அந்த எலும்பு எனக்குத் தெரியும்.

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கழுத்து மரத்துவிட்டது.

"உடைஞ்சிருக்கா டாக்டரே?"

மெதுவான குரல். கோபமே இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சுளுக்குதான்..."

"அப்ப கட்டுங்க."

கட்டினேன். நுனியை மடித்தேன்.

கால் இறங்கியது.

டக்... சர்ர்... டக்... சர்ர்...

கதவுப் பக்கம் போகவில்லை. எதிர்ச்சுவர்ப் பக்கம் போனது. அங்கே வாசல் கிடையாது.

பிறகு ஒன்றுமில்லை.

1:58க்கு ஸ்டான் படியிறங்கி வந்து, கோச் கூப்பிடுவதாகச் சொன்னான். தரையைப் பார்த்தான்.

"குழாய் உடைஞ்சிடுச்சா? ஆமா, தனியா யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?"

துணியைப் போட்டுத் தரையைத் துடைத்தேன். அன்றைய ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. தோற்றோம் என்று மட்டும் தெரியும்.

மறுநாள் காலை தந்தி வந்தது. ஹார்லன் இறந்துவிட்டான். புதன்கிழமை அடக்கத்துக்கு அவன் ஊருக்குப் போனேன். வடக்கே நூறு மைல். அவனுடைய அக்கா லொரெட்டாதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் மூன்று பேர் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள். ஒன்றரை மணிக்குப் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டது. மற்ற இருவரும் கரைக்கு ஓடிவிட்டார்கள். இவனால் ஓட முடியவில்லை. உடலை நாலரைக்குத்தான் எடுத்தார்கள்.

அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே, கத்தரித்து எடுத்த வெள்ளை டேப். நுனி முக்கோணமாக மடித்திருந்தது.

"பூட்ஸை வெட்டி எடுத்தப்ப உள்ள இது இருந்துச்சு. வலது கால்ல மட்டும். ஊருக்கு வந்ததுலேர்ந்து அவன் கட்டே போட்டுக்கல. மூணு மணி நேரம் தண்ணிக்குள்ள கிடந்தான்... இது நனையவே இல்ல."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் பத்தி நல்லா சொல்லுவான். நீங்களே சொல்லுங்க டாக்டரே... அந்தக் கால் உடைஞ்சிருந்துச்சா?"

"சுளுக்குதான்," என்றேன்.

லொரெட்டாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்பதற்கு இனி யாரும் இல்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். உடைந்திருந்தது. முதல் நாளே எனக்குத் தெரியும்.