அண்டாவுக்கு விளக்கம் எழுதிய ரசியா பேகம்

ஆலங்குடியில் பெரியண்ணன் நடத்தும் வாடகைப் பாத்திரக் கடையில் ரசியா பேகம் பதிமூன்று வருடங்களாக ஆர்டர் எடுக்கிறார். "வீட்ல விசேஷம், எரநூறு பேரு" என்றால் போதும். எத்தனை அண்டா, எத்தனை கரண்டி, எத்தனை சேர் என்பதை அவரே முடிவு செய்து அனுப்பிவிடுவார். மகள் ரூமானாவின் முதல் பிரசவத்தன்றுகூட ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று முந்நூறு சேருக்கு ஆர்டர் எடுத்தார். பேரன் பிறந்த செய்தியை நர்ஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ரூமானாவுக்குத் தஞ்சாவூரில் இரண்டாவது பிரசவம். இந்தத் தடவை ஃபோனைக் கடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ரசியா தீர்மானித்து, பத்து நாள் லீவு கேட்டார்.

"பத்து நாளா? ஒன்னைய விட்டா ஆர்டர் எடுக்க யாரும்மா இருக்கா?" என்றார் பெரியண்ணன்.

யாரும் இல்லை. அதனால் கடைக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்த எழிலரசனைப் புதுக்கோட்டையிலிருந்து வரவழைத்தார்கள். அவர் ஓர் ஏ.ஐ. ஏஜென்ட்டை இணைத்தார். வாட்ஸ்அப்பில் வருவதைப் புரிந்துகொண்டு, கடையின் சாஃப்ட்வேரை அதுவே இயக்கும். ஒரு வாரம் தப்பில்லாமல் ஓடினால் ரசியாவுக்கு லீவு என்று பேச்சு.

முதல் நாளே தப்பு நடந்தது. கீரமங்கலத்துக் கார்த்திகா என்பவர் சேர் வாடகையை விசாரித்துவிட்டு, "சரிங்க, போயிட்டு வாரேன்" என்று வாய்ஸ் மெசேஜை முடித்தார். கொஞ்ச நேரத்தில் டிரைவர் சூசைராஜின் ஃபோனுக்கு 'கீரமங்கலம், போய் வர' என்று உத்தரவு வந்தது. அவரும் காலி வண்டியோடு போய்விட்டு வந்தார்.

"என்னத்த ஏத்திட்டுப் போனீங்க?" என்று ரசியா கேட்டார்.

"ஒண்ணும் ஏத்தலக்கா. போயிட்டு வரச் சொல்லுச்சு, போயிட்டு வந்துட்டேன்."

"அங்கிட்டு ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலயா?"

"அந்தப் பொண்ணு டீ குடுத்துச்சு. எதுக்கு வந்தீங்கன்னு அதுவும் கேக்கல, நானும் சொல்லல."

எழிலரசன் சாஃப்ட்வேரில் எழுதியிருந்த விளக்கத்தைக் காட்டினார். 'வண்டி: வண்டியை அனுப்பும்.' அவ்வளவுதான் இருந்தது. "அதுக்குக் கடையும் தெரியாது, ஒங்களையும் தெரியாதுக்கா. இங்க எழுதியிருக்குறத மட்டும்தான் படிக்கும். எனக்கு சாஃப்ட்வேர் தெரியும், அண்டா தெரியாது. நீங்களே எழுதிருங்க."

ரசியா எழுதினார். 'வண்டி: சாமான் ஏற்றி அனுப்ப மட்டும். பதிவு இல்லாமல் அனுப்பக் கூடாது. போயிட்டு வாரேன் என்பது விடைபெறுவது, வண்டி கேட்பது அல்ல.' அடுத்து, 'தேதி: விசேஷ நாள் வேறு, சாமான் போகும் நாள் வேறு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் சனிக்கிழமை மதியமே அண்டா போய்ச் சேர வேண்டும். சமைத்து முடித்தபின் அண்டா போய் யாருக்கும் பயன் இல்லை.'

எழுத எழுத அவருக்குப் பிடித்துவிட்டது. பதினோரு பக்கம் எழுதிவிட்டார். யார் வீட்டில் சேரை வெயிலில் போடுவார்கள், யார் கரண்டியைத் திருப்பித் தரவில்லை, யார் வீட்டு மாப்பிள்ளை கோபக்காரர் என்பதெல்லாம் அதில் இருந்தது.

ஐந்தாம் நாள், திருப்பதி என்பவர் காதுகுத்துக்குப் பாத்திரம் கேட்டார். ஏஜென்ட் மரியாதையாகப் பதில் அனுப்பியது: 'வணக்கம். நான்கு கரண்டிகளைத் திருப்பித் தராத திருப்பதி அவர்களா?'

அரை மணி நேரத்தில் அவர் பைக்கில் வந்து, கரண்டிகளை மேஜைமேல் போட்டார். "நாலு இல்ல, அஞ்சு. ஒங்க மிஷினுக்கு எண்ணவே தெரியல."

கரண்டி திரும்பியதில் பெரியண்ணனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தப்பு தப்புதான், ஒரு வாரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றார்.

அன்று மகள் ஃபோனில், "ம்மா, டாக்டர் தேதி குடுத்துட்டாரு. ஒங்க அண்டா தேதி குடுத்துருச்சா?" என்று கேட்டாள். பிரசவத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"வண்டி, தேதின்னு ஒவ்வொரு டூலும் என்ன செய்யும், எப்பச் செய்யக் கூடாது, அதை மட்டும் எழுதுங்கக்கா. ஊரைப் பத்தி எழுதாதீங்க" என்றார் எழிலரசன். ரசியா பதினோரு பக்கத்தை ஒன்றரைப் பக்கமாகக் குறைத்தார். மாப்பிள்ளையை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'தெரியாததை ஊகிக்காதே. கேள்.'

புதுக் கணக்கில் ஏழாம் நாள், பெரியண்ணன் தன் மனைவியின் ஃபோனிலிருந்து, 'பெரிய அண்டா ரெண்டு அனுப்பு' என்று சோதித்துப் பார்த்தார். பதில் உடனே வந்தது: 'பெரியதில் மூன்று அளவு இருக்கிறது. எத்தனை பேருக்குச் சமையல்? என்றைக்கு விசேஷம்? எந்த ஊர்?'

"என்னம்மா இது, ஒன்னைய மாதிரியே தொணதொணக்குது" என்றார்.

"அப்பக் கெளம்பட்டுமாண்ணே?"

மறுநாள் காலை பஸ்ஸில் ரசியா போனார்.

ஏஜென்ட் ஒழுங்காக வேலை செய்தது. ஆர்டர் கொடுத்தவர்கள்தான், கொடுத்து முடித்ததும், 'ரசியாக்கா எங்க?' என்று கேட்டார்கள். விளக்கத்தில் அது இல்லை. ஏஜென்ட் ஊகிக்காமல், 'அது எனக்குத் தெரியாது. உரிமையாளரைக் கேளுங்கள்' என்று பெரியண்ணனின் நம்பரைக் கொடுத்தது. ஐந்து நாளில் நாற்பத்திரண்டு பேர் கூப்பிட்டார்கள். தாங்க முடியாமல் அவரே உட்கார்ந்து எழுதினார்: 'ரசியா எங்கே என்று கேட்டால்: தஞ்சாவூர். மகளுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். வெள்ளிக்கிழமை வருவார்.'

சரியா என்று கேட்டு ரசியாவின் மகள் ஃபோனுக்கும் அனுப்பினார். அதிலிருந்தே ரசியா உடனே கூப்பிட்டார்.

"வெள்ளிக்கெழமைன்னு மட்டும் போட்டா எந்த வெள்ளின்னு அதுக்கு எப்படிண்ணே தெரியும்? தேதி போடுங்க."

"சரி, சொல்லு."

ரசியா தேதி சொன்னார். பெரியண்ணன் காலண்டரைப் பார்த்தார். அது அவர் நினைத்த வெள்ளி இல்லை, அதற்கு அடுத்த வெள்ளி. எதிர்முனையில் குழந்தை அழுதது. அவர் தேதியை எழுதிக்கொண்டார்.