கடைசித் தாள் இல்லாத கொலை

பல் செட் செய்வது அவர் தொழில். கடைவீதியில் ஒரு மாடிப்படியின் கீழே சின்ன அறை. மெழுகில் பல் பதிப்பார், தேய்ப்பார், மெருகேற்றுவார். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு கல்லையே கடிக்கலாம் என்பார்கள். ஆனாலும் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நிக்காது'.

காரணம் இலக்கியம். ஞாயிறு மாலைகளில் நூலக மாடியில் கூடும் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். எந்த எழுத்தாளர் பேச்சு வந்தாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எழுதுறாரு... ஆனா காலத்துல நிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மர்மக்கதை எழுதுகிறவர்கள் என்றால் கண்ணாடியைக் கழற்றும் மரியாதைகூடக் கிடையாது.

அவர் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து மர்மக்கதைதான் படிப்பார். அந்தப் புத்தகங்களுக்குக் கூடத்து அலமாரியில் அனுமதி இல்லை. கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தன.

ஒரு மழைநாளில் வட்டத் தலைவர் வாசற்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு படுக்கை. மனைவி வேலைக்குப் போய்விட்டார். அலமாரி எட்டாது, கூடை எட்டும். "எவ்வளவு மட்டமா எழுதுறாங்கன்னுதான் பாப்போமே" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே கிடந்ததை எடுத்தார்.

படகுத்துறையில் பிணம். கணக்கப்பிள்ளை, அண்ணி, டாக்டர் மூவர் மேலும் சந்தேகம். சாப்பாட்டை மறந்தார், மாத்திரையை மறந்தார். "கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்" என்று துப்பறிகிறவர் எழுந்து நின்ற இடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது. கடைசித் தாளைக் காணோம்.

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். இல்லை. மனைவியிடம் கேட்க மானம் இடம்கொடுக்கவில்லை. கவிதை தவிர வேறெதையும் தொடாதவர் என்று பெயரெடுத்த வட்டத்தின் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஒரு ஆய்வுக்காகக் கேக்குறேன். படகுத்துறையில கொலை நடக்குமே, அந்தக் கதை..."

"சேச்சே, அதெல்லாம் நான் படிக்கிறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "கணக்கப்பிள்ளைதான் கொன்னான்."

அடுத்து பொருளாளர். அவரும் படிக்காதவர்தான். "அண்ணிக்காரிதாங்க. அவ காபி ஆத்துறப்பவே எனக்குத் தெரியும்" என்றார். வட்டத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர், டாக்டர்தான் என்று சத்தியமே செய்தார்.

சாயங்காலம் மனைவி வந்து பேருந்துச் சாவியை ஆணியில் மாட்டி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததும் அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, அந்தப் படகுத்துறைக் கதையில கடைசித் தாள் எங்க?"

மனைவி கவிழ்ந்த கூடையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"முடிவு சரியில்லங்க. கதையிலயே வராத ஒருத்தனைத் திரைக்குப் பின்னாலேருந்து இழுத்துட்டு வந்து, இவன்தான் கொன்னான்னா என்ன அர்த்தம்? மத்த பக்கமெல்லாம் தங்கம். அந்த ஒரு தாளை வச்சிருக்கவே மனசு வரல."

"அப்ப கணக்கப்பிள்ளை?"

"அவன் பாவம், வாயில்லாப் பூச்சி."

இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ எழுத்தாளர்களைத் தள்ளியிருக்கிறார். ஒருவரையாவது இப்படிப் பிடித்த இடம், பிடிக்காத இடம் என்று பிரித்துப் பார்த்ததில்லை.

"சரி, யாரு கொன்னிருக்கணும்?"

மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து தன் முடிவைச் சொன்னார். "அப்ப படகுச் சாவி அண்ணிகிட்ட எப்படி வந்துச்சு?" என்று இவர் மடக்கினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிறு, மனைவியையும் வட்டத்துக்கு அழைத்துப்போனார். அன்றைக்குப் பேச இருந்த தத்துவ நாவலை எல்லோரும் மறந்தே போனார்கள். படிக்காதவர்கள் அத்தனை பேரும், அச்சிலிருந்த முடிவு தங்களுக்கும் பிடிக்கவில்லை என்று ஆளுக்கொரு கொலைகாரனைக் கட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். நூலகக் காவலாளி விளக்கை அணைத்தபோதும் செயலாளர் கணக்கப்பிள்ளையை விடவில்லை. இருட்டில் படியிறங்கிக்கொண்டே தலைவரின் மனைவியிடம் வாதாடினார்.